ஊரோரம் – 14: மன்றம் கூடாத ஊரில் ஒரு மனு

சென்ற வாரம் முத்தியால்பேட்டைத் தறிச் சத்தத்தோடு நிறுத்தியிருந்தோம். அந்தத் தெருக்களைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் கருவடிக்குப்பம். பெயரில் குப்பம் இருக்கிறது. ஆனால் அங்கே நின்றால் கடல் தெரியாது. மாடிக்கு மேல் மாடியாக ஏறிக்கொண்டிருக்கும் வீடுகளும் அவற்றுக்கு நடுவே சித்தானந்த சுவாமிகளின் சமாதிக் கோயிலும்தான் தெரியும்.

சுவாமிகள் சமாதியடைந்தது 1837இல். அப்போது அது தோட்டம். புதுச்சேரி நகரம் அதற்குத் தெற்கே தன் புல்வார் சாலைகளுக்குள் அடங்கிக் கிடந்தது. 1908இல் புதுச்சேரிக்கு வந்து 1918 வரை இங்கே வாழ்ந்த பாரதியார், நகரத்துத் தெருக்களை விட்டு இந்த ஓரத்துக்கு வருவதை வழக்கமாக வைத்திருந்தார். முத்தியால்பேட்டை கிருஷ்ணசாமிச் செட்டியாரின் தோப்பு அவருக்கு நிழலும் தனிமையும் கொடுத்தது. அதுதான் குயில் தோப்பு. ‘குயில் பாட்டு’ பிறந்த மண் என்று தமிழுலகம் இன்றும் அதைச் சொல்லிக்கொள்கிறது.

நள வருஷம் கார்த்திகை மாதம் 8ஆம் தேதி இரவு, அதாவது 1916 நவம்பரில், புதுச்சேரியைப் பெரும்புயல் புரட்டிப்போட்டது. மரங்கள் சாய்ந்தன, கூரைகள் பறந்தன. அந்த இரவைப் பாரதியார் பாட்டாக்கினார். புயலில் தப்பி நின்ற ஒரு தோப்பைப் பற்றியும் எழுதினார். ‘பிழைத்த தென்னந்தோப்பு’ என்பது அதன் தலைப்பு. புயலுக்குத் தப்பிய மரம் வேறு எதற்கெல்லாம் தப்ப வேண்டியிருக்கும் என்று அன்றைக்கு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

எந்த நகரமும் தனக்குப் பிடித்ததை நடுவில் வைத்துக்கொள்ளும், பிடிக்காததை ஓரத்துக்குத் தள்ளும். கருவடிக்குப்பத்தில் மயானம் இருக்கிறது. நகரத்தின் குப்பையும் பல காலம் இங்கேதான் வந்து விழுந்தது. பிறகு அது குரும்பாபேட்டை என்னும் இன்னொரு ஓரத்துக்குப் போனது. சித்தர் சமாதி, கவிஞனின் தோப்பு, சுடுகாடு, குப்பைமேடு: நகரம் எல்லை கட்டி நிறுத்திய இடத்தில்தான் இவையெல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தன. பிறகு நகரமே எல்லையைத் தாண்டி வந்தது. தோப்புகள் மனைகளாயின. குயில் தோப்பைக் காக்க வேண்டும் என்ற கோரிக்கை தமிழன்பர்களிடமிருந்தும் ஊர்க்காரர்களிடமிருந்தும் திரும்பத் திரும்ப எழுந்தது.

இந்த வார நாயகருக்குப் பெயர் கிடையாது. தெருமுனையில் பொக்லைன் வந்து நின்றதும் முதலில் வெளியே வந்து கேட்பவர் அவர். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் மனுக்களின் நகல்கள், பதிவுத்தபால் ரசீதுகள், ஒப்புதல் அட்டைகள். புதுச்சேரியின் ஒவ்வொரு ஓரத்திலும் இப்படி ஒருவரையாவது பார்க்கலாம். அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இதுக்கு யாருங்க அனுமதி குடுத்தது?”

அந்தக் கேள்வியை அவர் யாரிடம் கேட்க முடியும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

தோப்பு மனையாகும் விதம்

தோப்பு ஒரே நாளில் சாய்வதில்லை. வெட்டுச்சத்தம் கேட்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அது காகிதத்தில் சாயத் தொடங்கிவிடுகிறது. தாத்தா பெயரில் ஒரே சர்வே எண்ணாக இருந்த நிலம் பேரன்கள் காலத்தில் உட்பிரிவாகும். தென்னைக்குத் தண்ணீர் இறைத்த கிணறு தூர்ந்துபோகும். வாரிசுகளில் ஒருவர் வெளியூர், ஒருவர் வெளிநாடு; பவர் பத்திரம் ஒருவர் கைக்குப் போகும். பக்கத்தில் சாலை வந்ததும் விலை ஏறும். பள்ளமான பக்கத்தில் லாரி லாரியாக மண் அடிப்பார்கள். கல் நடுவார்கள். கற்களுக்கு மஞ்சள் வண்ணம் பூசிய பிறகுதான் அடுத்த தெருக்காரருக்கு விஷயமே தெரியும்.

இந்தப் பயணத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கையெழுத்து விழுந்திருக்கும். பத்திரப்பதிவு, பட்டா மாற்றம், மனைப்பிரிவு அனுமதி, கட்டட அனுமதி, மின் இணைப்பு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறு வேலை. எல்லாம் சேர்ந்தால் ஒரு தோப்பு போய்விடும். மழைநீர் இறங்கிக்கொண்டிருந்த மண்ணும் போய்விடும். பள்ளத்தில் மண் அடித்து மேடாக்கினால் அங்கே நின்ற தண்ணீர் இல்லாமல் போவதில்லை, பக்கத்துத் தெருவுக்குப் போகும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான குடியிருப்புகளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, மீட்புக்கு ராணுவத்தை அழைக்க வேண்டிவந்தது. மழை பெரிதுதான். ஆனால் தண்ணீர் போகும் வழிகளைப் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக அடைத்துக்கொண்டே வந்த கணக்கும் அந்த இரவில்தான் தெரிந்தது.

மன்றம் உள்ள ஊரில் இந்தக் கணக்கைக் கேட்க ஓர் இடம் இருக்கும். வார்டு உறுப்பினர் வீட்டுத் திண்ணை இருக்கும். பக்கத்துத் தெருக்காரர் அங்கே போய், “உங்களுக்குத்தானே ஓட்டுப் போட்டோம், மன்றத்துல கேளுங்க” என்று சொல்லலாம். புதுச்சேரியில் அந்தத் திண்ணை எப்போது காணாமல்போனது? அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

170 பேர் கைகொடுத்த நாள்

பிரெஞ்சு இந்தியாவில் நகராட்சி மன்றங்கள் 1880 மார்ச் 12 ஆணையால் பிறந்தன. கம்யூன் எனப்பட்ட உள்ளாட்சிப் பகுதிகளுக்கு மன்றம், மன்றத்துக்கு மேயர், மேயருக்கு ஒரு மாளிகை. கடற்கரைச் சாலையில் 1870-71இல் கட்டப்பட்ட அந்த மாளிகையைப் புதுச்சேரி மக்கள் இன்றும் ‘மேரி’ என்றே சொல்கிறார்கள். மேயர் அலுவலகத்துக்கான பிரெஞ்சுச் சொல் தமிழ் நாக்கில் ஊறி அப்படி ஆகிவிட்டது.

அந்த மன்றங்களை நியாயமானவை என்று நான் சொல்ல மாட்டேன். வாக்காளர்கள் இனவாரியாகப் பட்டியலிடப்பட்டார்கள். எண்ணிக்கையில் குறைந்த ஐரோப்பியர்களுக்கு அவர்கள் தொகைக்குப் பொருந்தாத பங்கு கிடைத்தது. தேர்தல் நாளில் தடி பேசிய கதைகளும் உண்டு. இருந்தாலும் அதிகாரத்தைச் சட்டத்தாலேயே எதிர்கொள்ளும் பழக்கம் இந்த ஊருக்கு வாய்த்தது அந்தக் காலத்தில்தான். 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனதை நீதிபதி குற்றமாக்கினார். பொன்னுத்தம்பி தலைகுனிந்து காலணியைக் கழற்றவில்லை. பிரான்சின் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் வென்று வந்தார். மஞ்சள் பைக்காரரின் முன்னோடிகளைத் தேடினால் அந்த வரிசையில் அவரை முதலில் நிறுத்தலாம்.

மன்றங்களின் மிகப் பெரிய நாள் 1954இல் வந்தது. மார்ச் 18 அன்று புதுச்சேரியைச் சுற்றியிருந்த கம்யூன்களின் மேயர்களும் மன்ற உறுப்பினர்களும் இந்தியாவோடு உடனே இணைய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பாரிஸ் அரசுக்கும் டெல்லி அரசுக்கும் பேச்சு நடந்தது. இறுதி முடிவை ஊர் மக்களின் பிரதிநிதிகளே எடுக்கட்டும் என்று ஏற்பாடாயிற்று. அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு. வாக்களித்தவர்கள் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் நகராட்சி மன்ற உறுப்பினர்களும். மொத்தம் 178 பேர். இணைப்புக்கு ஆதரவாக 170, எதிராக 8. நவம்பர் 1 அன்று புதுச்சேரி இந்தியாவின் கையில் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் முழுமையடைந்தது.

இந்தச் செய்தியை ஒருமுறை நிதானமாக நினைத்துப் பார்க்கலாம். தெருவிளக்கும் சாக்கடையும் பார்ப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஒரு நிலப்பகுதி எந்த நாட்டோடு சேர்வது என்று முடிவு செய்தார்கள். உள்ளூர் மன்றம் என்பதற்கு இதைவிடப் பெரிய மரியாதை எந்த ஊரிலும் கிடைத்திருக்காது.

முப்பத்தெட்டு ஆண்டுகள்

விடுதலை பெற்ற புதுச்சேரியில் 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2006இல். நடுவில் 38 ஆண்டுகள்.

அந்த இடைவெளியில்தான் நகரம் வளர்ந்தது. 1969இல் நகர, ஊரமைப்புச் சட்டம் வந்தது. நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டும் அதிகாரம் திட்டக் குழுமத்துக்குப் போனது. 1973இல் நகராட்சிகள் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் அமர வேண்டிய மன்றத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கப்படவில்லை. ஆணையர்கள் நிர்வாகம் செய்தார்கள். அவர்களில் நல்லவர்கள் இருந்தார்கள், உழைப்பாளிகளும் இருந்தார்கள். ஆனால் ஆணையர் மாற்றலாகிப் போய்விடுவார். தவறான அனுமதியால் தண்ணீர் தேங்கும் தெருவில் அவர் குடியிருக்க வேண்டியதில்லை. அடுத்த தேர்தலில் அந்தத் தெருவுக்கு வந்து கைகூப்பி நிற்க வேண்டியதும் இல்லை.

1992இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 74ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிக்கு ஐந்து ஆண்டு ஆயுள், அது முடியும் முன்பே அடுத்த தேர்தல் என்று அது எழுதிவைத்தது. மன்றங்களிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிட்டது. முதல் பணி நகரத் திட்டமிடல். இரண்டாவது, நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது. நம் மஞ்சள் பைக்காரரின் கேள்வி அட்டவணையின் முதல் இரண்டு வரிகளிலேயே இருக்கிறது. மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகராட்சியில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றும் அந்தத் திருத்தம் சொன்னது.

வழக்குகள், நீதிமன்ற உத்தரவுகள் என்று நெடுநாள் இழுத்த பிறகு 2006இல் தேர்தல் வந்தது. ஐந்து நகராட்சிகளுக்கும் பத்துக் கம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் பிரதிநிதிகள் வந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், அகமதாபாத் மாநகராட்சி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், உள்ளாட்சியின் ஆயுள் முடிவதற்குள் தேர்தல் நடத்துவது தேர்தல் ஆணையத்தின் தவிர்க்க முடியாத கடமை என்று தீர்ப்புச் சொன்னது. 2011இல் புதுச்சேரி மன்றங்களின் ஐந்தாண்டு முடிந்தது. அந்த ஆண்டே மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் வந்தது. கருவடிக்குப்பம் அடங்கிய உழவர்கரை நகராட்சியின் மக்கள்தொகை மூன்று லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. வார்டு குழு வேண்டும் என்று சட்டம் சொல்லும் எண்ணிக்கையை ஊர் எட்டிய அதே ஆண்டில் மன்றம் கலைந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அது கூடவே இல்லை.

மணல் சொன்ன சாட்சி

மன்றம் இல்லாத காலத்தில் ஒரு முடிவு எடுக்கப்பட்டால் அதன் விலையை யார் கொடுப்பார்கள் என்பதற்குப் புதுச்சேரியில் சாட்சி கடற்கரைதான்.

நம் கிழக்குக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை; நடக்கும். தென்மேற்குப் பருவக்காற்றும் அதை ஒட்டிய மாதங்களும் சேர்ந்து ஆண்டின் பெரும்பகுதி அலை அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கணக்குத் தீர்த்தால் புதுச்சேரிக் கரையைத் தாண்டி ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் போகிறது. குறுக்கே ஒரு கற்சுவர் வைத்தால் சுவரின் தெற்கே மணல் சேரும். வடக்கே கரை பட்டினி கிடக்கும். பட்டினிக் கரையைக் கடல் தின்னும்.

இது புது ஞானம் இல்லை. 1876இல் தொடங்கிச் சென்னைத் துறைமுகம் கட்டியபோதே கண்ணெதிரில் நடந்ததுதான். துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனது. வடக்கே ராயபுரத்தின் கரை கரைந்துகொண்டே போனது. மெரினாவில் காலாற நடப்பவர்கள் மிதிக்கும் மணலில் ராயபுரத்து மீனவர்களின் பங்கும் இருக்கிறது.

அது தெரிந்திருந்தும் 1986 முதல் 1989 வரை அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர்களோடு துறைமுகம் கட்டப்பட்டது. தேங்கும் மணலை எடுத்து வடக்குக் கரைக்கு அனுப்பும் ஏற்பாடும் திட்டத்தில் இருந்தது. அது ஒழுங்காக ஓடவில்லை. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது 1991இல். அதற்குள் சுவர்கள் எழுந்துவிட்டன. 1990களில் நகரத்தின் மணற்கரை மறைந்தது. காந்தி சிலைக்கு முன்னால் மணலில் விளையாடிய தலைமுறை அதே இடத்தில் கருங்கற்களைக் கொட்டுவதைப் பார்த்தது. கல் விழுந்த இடத்தில் அரிப்பு நின்றது. நின்ற அரிப்பு அடுத்த ஊருக்கு நடந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர். அதற்கும் வடக்கே எல்லை தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி. வலை உலர்த்த இருந்த மணல் போனது, படகு ஏற்றி வைத்த இடம் போனது, கடைசியில் கடலோர வீடுகளும் போயின.

தெற்கே ஒரு கையெழுத்து; வடக்கே ஒரு வீடு. நடுவில் எந்த மன்றத்திலும் விவாதம் இல்லை. வைத்திக்குப்பத்து மீனவரிடம் யாரும் “உங்கள் கருத்து என்ன?” என்று கேட்கவில்லை.

2006: இரண்டு கதவுகள்

2006 ஜனவரியில் அதே துறைமுகத்தை ஆழ்கடல் துறைமுகமாக விரிக்கத் தனியார் கூட்டு நிறுவனத்தோடு அரசு ஒப்பந்தம் போட்டது. தேங்காய்த்திட்டுப் பக்கம் சுமார் 150 ஏக்கர் நிலமும் பல பத்தாண்டுக் குத்தகையும் அதில் அடக்கம். சிறு சுவர்களே இவ்வளவு செய்தால் பெருஞ்சுவர்கள் என்ன செய்யும் என்று ஊர் பயந்தது.

இந்த முறை மக்கள் கையில் இரண்டு புதிய கருவிகள் இருந்தன. ஒன்று, 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்திருந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டிக் கேட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்ற நிலை அதுவரை இந்த ஊர்த் தெருவாசிக்கு வாய்த்ததில்லை. இன்னொன்று, 2006 செப்டம்பர் 14இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. பெருந்திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு அதன் ஒரு பகுதி. மூடிக் கிடந்த அலுவலகத்தில் இரண்டு கதவுகள் ஒரே நேரத்தில் கொஞ்சம் திறந்தன.

துறைமுக எதிர்ப்பிலிருந்து எழுந்த அமைப்புகளில் முதன்மையானது ‘பாண்டிகேன்’ என்னும் குடிமக்கள் செயல் வலைப்பின்னல். பிரோபிர் பானர்ஜி அதன் முகமாக அறியப்பட்டார். அவர்கள் செய்ததை ஒரே வரியில் சொன்னால், காகிதத்தைப் படித்தார்கள். ஒப்பந்தத்தையும் ஆய்வறிக்கைகளையும் வரிவரியாகப் படித்து, மணல் எப்படி நடக்கிறது என்பதைத் தமிழில், படம் போட்டு, மீனவர் குப்பங்களில் காட்டினார்கள். குப்பத்துப் பெரியவர்களுக்கு அந்தப் படம் தேவையே இருக்கவில்லை. அவர்கள் வாழ்நாள் முழுக்கப் பார்த்ததுதான் அது. படித்தவரின் காகிதமும் மீனவரின் கண்ணும் ஒன்றையே சொன்னபோதுதான் போராட்டத்துக்கு எலும்பு வந்தது. மனு, கூட்டம், வழக்கு என்று ஆண்டுகள் ஓடின. 2009இன் பிற்பகுதியில் கரை அரிப்பை ஆராயும்வரை புதிய துறைமுகங்களுக்கு அனுமதியை நிறுத்திவைப்பதாக மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்தது. அந்த ஆழ்கடல் துறைமுகம் கட்டப்படவே இல்லை.

பிறகு கதை இன்னொரு பக்கமும் திரும்பியது. அரிக்கும் கரையை மீட்க முடியுமா என்று தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஆராய்ந்தது. 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவில் ஒரு செயற்கைத் திட்டை இறக்கினார்கள். கல் மட்டுமே தெரிந்த இடத்தில் மணல் மீண்டும் வந்து உட்கார்ந்தது. குழந்தைகள் கால் நனைத்தார்கள். எதிர்க்க மட்டும் தெரிந்தவர்கள் என்று ஏளனம் செய்யப்பட்டவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது அந்த மணலைத்தான்.

பைக்குள் இருப்பவை

கடலுக்குக் கிடைத்த கவனம் தோப்புக்குக் கிடைப்பது அரிது. துறைமுகம் ஒன்று, பெரியது, எல்லாக் கண்ணுக்கும் தெரிவது. மனைகளோ ஆயிரம், ஒவ்வொன்றும் சிறியது. 20,000 சதுர மீட்டர் கட்டப் பரப்பைத் தொட்டால்தான் கட்டடத்துக்குச் சுற்றுச்சூழல் முன்அனுமதி வேண்டும். அதற்குக் கீழே கட்டப்படும் கட்டடத்துக்கு அந்த அனுமதியே வேண்டாம். கருவடிக்குப்பம் போன்ற ஓரங்களில் நடப்பதெல்லாம் அந்த வரம்புக்குக் கீழேதான் நடக்கிறது.

அதனால் மஞ்சள் பைக்காரர் தனியாகவே எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதலில் சர்வே எண்ணைக் கண்டுபிடிக்கிறார். வரைபடத்தில் வாய்க்கால், வழி, குட்டை என்று பழைய குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு அனுமதிக் கோப்பின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கிறார். மனைப்பிரிவில் பூங்காவுக்கும் சாலைக்கும் விட்டதாகக் காட்டிய இடம் தரையில் இருக்கிறதா என்று அடிக்கணக்கு எடுக்கிறார். வரைபடத்தில் இரண்டு மாடி, தரையில் நான்கு மாடி என்றால் தேதி போட்டுப் படம் எடுக்கிறார். காலம் கடந்துவிடக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். 2010இல் வந்த பசுமைத் தீர்ப்பாயச் சட்டப்படி பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும். வழங்கப்பட்ட அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் முப்பது நாள். வேலைக்குப் போகிறவர், பென்ஷன் வாங்குகிறவர், பிள்ளை படிப்புக்குக் கடன் வாங்கியவர் இவ்வளவையும் தன் சொந்தச் செலவில் செய்கிறார்.

ஒற்றை மனுவின் கனம் சிறியது என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் ஒரு வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்கில்தான் 2016 செப்டம்பர் 9 அன்று, அனுமதி பெறாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. விளைநிலத்தில் கல் நட்டு விற்கும் தொழிலே மாநிலம் முழுக்க அன்றைக்கு நின்றது. அடுத்த ஆண்டு வரன்முறை விதிகள் வந்தன. சென்னையில் டிராஃபிக் ராமசாமி என்ற முதியவர் கையில் மனுவோடு நீதிமன்றப் படியேறி, தி. நகர் விதிமீறல் கட்டடங்கள் வரை கேள்வி கேட்டார். 2021இல் அவர் இறந்தபோது அவரால் தொல்லைப்பட்டவர்கள்கூட அந்தப் பிடிவாதத்தை மதித்துப் பேசினார்கள். கடல் கடந்து பார்த்தால் நியூயார்க்கின் ஜேன் ஜேக்கப்ஸ். ராபர்ட் மோசஸ் என்பவர் எந்தத் தேர்தலிலும் வெல்லாமலே பதவிகளைக் குவித்துக்கொண்டு அந்த நகரத்தின் சாலைகளையும் பூங்காக்களையும் தீர்மானித்துவந்தார். அவருடைய விரைவுச்சாலை தங்கள் தெருக்களை அறுத்துக்கொண்டு போவதை ஜேக்கப்ஸும் அக்கம்பக்கத்தாரும் எதிர்த்து நின்றார்கள். 1960களின் இறுதியில் அந்தச் சாலை கைவிடப்பட்டது.

ஆனால் இந்த வெற்றிகளைச் சொல்லும்போதே ஒரு வருத்தமும் சேர்கிறது. ஒவ்வொரு தோப்புக்கும் ஒரு வழக்கு, ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு மனுதாரர் என்று ஓர் ஊர் வாழ முடியாது. மஞ்சள் பைக்காரருக்கு வயதாகும், உடம்பு முடியாமல் போகும், சில நேரம் மிரட்டலும் வரும். அவர் பையை அடுத்துச் சுமக்கப் பக்கத்து வீட்டில் ஆள் இருக்காது. மன்றம் என்பது அந்தச் சுமையைப் பலர் தோளில் மாற்றிவைக்க மனிதர்கள் கண்டுபிடித்த வழி.

மேரி விழுந்த மாலை

2014 நவம்பர் 29. பெருமழையில் நனைந்து, பராமரிப்பு இல்லாமல் நொந்திருந்த மேரி மாளிகை சரிந்து விழுந்தது. கடற்கரைச் சாலையில் கூடியவர்கள் செங்கல் குவியலைப் பார்த்துக் கண்கலங்கினார்கள். அது விழுந்தபோது அதற்குள் அமர வேண்டிய மன்றம் கலைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

கட்டடத்தைத் திரும்ப எழுப்பலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். உலக வங்கி நிதி கிடைத்தது. பழைய தோற்றமே அச்சு மாறாமல் எழுந்து, 2021 பிப்ரவரியில் திறப்பு விழாவும் நடந்தது. அதே 2021இல் உள்ளாட்சித் தேர்தலுக்குத் தேதியும் குறித்தார்கள். வார்டு இடஒதுக்கீட்டில் சிக்கல் எழுந்து வழக்கு உயர் நீதிமன்றம் போனது, தேர்தல் நின்றது. மாளிகையின் வெள்ளைத் தூண்கள் திரும்பி வந்துவிட்டன. 1954இல் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்த மன்றத்தின் வாரிசுகளுக்கு நாற்காலி வரவில்லை.

கருவடிக்குப்பத்துக்குத் திரும்புவோம். சித்தானந்தர் கோயிலில் மாலையில் விளக்கேற்றுகிறார்கள். பாரதியார் பாடிய காலத்தில் அந்த விளக்கைச் சுற்றி இருட்டும் மரங்களும் இருந்தன. இன்று சுற்றிலும் தெருவிளக்குகள். மஞ்சள் பைக்காரர் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பையை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போகிறார். பைக்குள் அன்றைக்குத்தான் தட்டச்சு செய்த மனு. அதில் இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. மீதமிருக்கும் மரங்களை வெட்ட விடாதீர்கள் என்பது முதலாவது. எங்கள் வார்டுக்குத் தேர்தல் நடத்துங்கள் என்பது இரண்டாவது.

முதல் கோரிக்கை பிழைக்க வேண்டுமானால் இரண்டாவது நிறைவேற வேண்டும். 1916இல் ஒரு தோப்பு புயலுக்குத் தப்பியதை எழுத ஒரு கவிஞன் இருந்தான். இன்னொரு தோப்பு நகரத்துக்குத் தப்ப, கேட்கவும் பதில் சொல்லவும் ஒரு மன்றம் வேண்டும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளும் அவற்றைக் காத்த ஊர்க்கூட்டங்களும். பாகூரிலிருந்து தொடங்குவோம்.